தெல்மாவின் விரலில் உட்கார்ந்த குருவி

தெல்மா அக்ராய்ட் பின்கதவைத் திறந்தால் போதும், தோட்டத்தில் ஒரு குருவி மிச்சம் இருக்காது. அத்தனையும் விர்ரென்று வேலிக்குள் பாய்ந்துவிடும்.

"முப்பது வருஷமா கொட்டிக் கொட்டி வளக்கறேன், வின்னி! திருடியைப் பாத்த மாதிரி ஓடுதுங்க. நன்றி கெட்ட ஜென்மங்க!" என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்துவாள். கத்தினால் எந்தக் குருவி நிற்கும்? இதை நான் மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். எங்கள் இரண்டு வீட்டுத் தோட்டங்களுக்கும் நடுவில் இடுப்பு உயரக் கல்சுவர்தான். முப்பத்தொரு வருஷமாக அவளிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் நான் மனசுக்குள்தான் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் ஹோம்ஸ்லியில் அவளைத் தெரியாதவர்கள் கிடையாது. பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் இருபத்தாறு வருஷம் பரிமாறியவள். தட்டில் ஒரு பட்டாணி மிச்சம் வைத்துவிட்டு எந்தப் பிள்ளையும் அவளைத் தாண்டிப் போனதில்லை. இன்றைக்கும் அவள் பஸ்ஸில் ஏறினால், தலை நரைத்த டிரைவர் முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்காருவான். நரம்பில்லாத நாக்கு என்பார்களே, தெல்மாவுடையது அதுதான். அடித்ததில்லை, வைததுகூடக் குறைவு. ஒரே ஒரு வாக்கியம் சொல்வாள், அது பத்து நாள் உள்ளே கிடந்து குத்தும். என் புருஷன் இறந்த மறுவாரம் நான் புது கோட்டு வாங்கினேன். பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, நல்லா இருக்கியே" என்றாள். அந்தக் கோட்டை நான் அப்புறம் போடவே இல்லை.

அவளுக்கு ஒரே மகள், லெஸ்லி. லீட்ஸில் விலங்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ரயிலில் ஒரு மணி நேரம். ஆனால் பதினோரு வருஷமாக அவள் இந்தத் தெருவில் கால் வைக்கவில்லை. தெல்மாவின் புருஷன் ரான் ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது தெல்மா மகளுக்குச் சொல்லி அனுப்பவில்லை. எல்லாம் முடிந்த பிறகுதான் போன் செய்தாள். ஏன் என்று லெஸ்லி அழுதுகொண்டே கேட்டதற்கு, "நீ வந்து அழுது ஆர்ப்பாட்டம் பண்ணுவே. அந்த மனுஷன் நிம்மதியா போகட்டும்னு நினைச்சேன்" என்றாளாம். அடக்கத்துக்கு வந்தவள்தான். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்கிறார்கள். இந்த வீட்டில் எது பித்து, எது கல்லு என்று எனக்குக் கடைசிவரை புரியவில்லை.

ரான் போன பிறகு துவைக்கத் துணியும் குறைந்துபோனது. தோட்டத்து நடுவில் குடைபோல விரியும் துணிக்கம்பம் ஒன்று இருந்தது. அதன் கைகள் முழுக்க இன்னும் பல தீவனக் குழாய்களைத் தொங்கவிட்டாள். ஒன்றில் சூரியகாந்தி விதை, ஒன்றில் வேர்க்கடலை, இன்னொன்றில் கொழுப்பு உருண்டை. சமையலறைத் தொட்டிக்கு மேலே இருக்கும் ஜன்னல் அவளுக்குத் தியேட்டர். ஆறின தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காக நிற்பாள். எது எந்த வேலிக்குள் கூடு கட்டுகிறது, எது எதை விரட்டுகிறது, எல்லாம் அத்துப்படி. அவளுக்குப் பிடித்தது பச்சைக்குருவி. தடித்த அலகு, இறக்கை ஓரத்தில் மஞ்சள் கோடு, எந்நேரமும் சண்டை. "பாரு, யாருக்கும் இடம் விடாது. என் ஜாதி" என்பாள். அந்த ஒரு நேரம்தான் அவள் தன்னையே கேலி செய்து நான் கேட்டிருக்கிறேன்.

ஒரே ஒரு ஆசைதான் அவளுக்கு. ஒரு குருவி, ஒன்றே ஒன்று, பயப்படாமல் தன் கைக்கு வர வேண்டும். வெட்கத்தை விட்டு ஒருநாள் என்னிடம் சொன்னாள். நான் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் நடந்தது வேறு.

எனக்கு உருளைக்கிழங்குப் பாத்தி கொத்துவதுதான் பொழுதுபோக்கு. மண்ணைக் கொத்தினால் புழு வரும், புழு வந்தால் மார்பு சிவந்த ராபின் குருவி வரும். அது மண்வெட்டிப் பிடியில் உட்காரும், அப்புறம் செருப்பு மேல், ஒருநாள் என் உள்ளங்கையில். அதைத் தெல்மா ஜன்னலில் பார்த்துவிட்டாள். வெளியே வந்து சுவரில் கை வைத்து நின்றாள்.

"அது புழுவுக்கு வருதுடி. உனக்கு வரலை."

"தெரியும் தெல்மா."

"தெரிஞ்சா சரி" என்று உள்ளே போனாள். மூன்று வாரம் என்னோடு பேசவில்லை.

ஜனவரிக் கடைசியில் ஊரே ஒரு மணி நேரம் ஜன்னலில் உட்கார்ந்து குருவி எண்ணிக் கணக்கு எழுதி அனுப்புமே, அதில் தெல்மாவை அடிக்க ஆளில்லை. ஒரே சமயத்தில் கண்ணில் படுவதைத்தான் எண்ண வேண்டும். ஒன்று போய் ஒன்று வந்தால் சேர்க்கக்கூடாது. நாங்கள் எல்லோரும் அதில் கொஞ்சம் பொய் சொல்வோம், தெல்மா சொல்ல மாட்டாள். அதற்குப் பதிலாக ஒரு வழி கண்டுபிடித்தாள். தொங்கும் குழாயில் ஆறு குருவிக்குத்தான் இடம். ஆகவே பழைய கதவு ஒன்றைப் படுக்கப்போட்டு, அதன் மேல் விதையைக் குவித்தாள். எல்லாம் ஒன்றாக இறங்கித்தானே ஆக வேண்டும்! அந்த வருஷம் இருபத்தாறு பச்சைக்குருவி, ஒரே பார்வையில். உள்ளூர்ப் பத்திரிகையில் இரண்டு வரி வந்தது. கத்தரித்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தாள்.

அந்தக் கதவுப் பலகையை அவள் கழுவிப் பார்த்ததே இல்லை. குழாய்களையும் கழுவுவதில்லை. பழைய விதை நனைந்து, எச்சத்தோடு கலந்து கறுத்துக் கிடக்கும். அதன் மேலேயே புதிதைக் கொட்டுவாள். சோம்பேறி என்று நினைக்காதீர்கள். அவள் வீட்டுத் தரையில் கஞ்சி ஊற்றிக் குடிக்கலாம். காரணம் நான்தான். கழுவிக் காயவைக்க அரை நாள் ஆகும், அந்த அரை நாளில் குருவிகள் சுவரைத் தாண்டி என் வீட்டுக்கு வந்துவிடும், வந்தால் இங்கேயே தங்கிவிடும். இதுதான் அவள் பயம். "உனக்கு வாரி வழங்கவா நான் விதை வாங்கறேன்?" என்று நேராகவே கேட்டிருக்கிறாள்.

போன ஜனவரியில் எலும்பைத் துளைக்கிற குளிர். ஒரு திங்கட்கிழமை காலை, சுவர் ஓரம் என் பெயரைக் கூப்பிடுவது கேட்டது. கத்தல் இல்லை, மெல்லிய குரல். யாரோ என்று நினைத்துத்தான் போனேன்.

தெல்மா பலகைக்கு முன்னால் நின்றிருந்தாள். அவள் வலது கை ஆட்காட்டி விரலில் ஒரு பச்சைக்குருவி உட்கார்ந்திருந்தது.

"மூச்சு விடாதே" என்றாள். "எல்லாம் பறந்துபோச்சு. இது மட்டும் போகலை. விரலை நீட்டினேன், ஏறிக்கிச்சு. தானா ஏறிக்கிச்சு, வின்னி!"

அவள் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. தெல்மா அக்ராய்டின் கண்ணீரை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. ரான் அடக்கத்தில்கூட இல்லை.

நான் குருவியைப் பார்த்தேன். இறகெல்லாம் உப்பிப் பஞ்சுருண்டைபோல இருந்தது. கண் பாதி மூடியிருந்தது. அலகைச் சுற்றி ஈரம், மென்ற விதை ஒட்டிக்கொண்டிருந்தது. விழுங்கப் பார்த்தது, முடியவில்லை. எனக்கு அது என்ன என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. நான் விதை வாங்கும் கடையில் இலையுதிர் காலத்திலேயே ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள், படத்தோடு. பச்சைக்குருவிகளுக்குத் தொண்டையில் வரும் நோய். எச்சில் பட்ட தீனியில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றும். உப்பி உட்கார்ந்து, ஆளைக் கண்டும் பறக்காமல் இருந்தால் அதுதான். தீவனம் வைப்பதை நிறுத்து, எல்லாவற்றையும் கழுவு. அதைப் படித்த அன்றே என் குழாய்களைக் கழற்றிக் கொதிநீர் ஊற்றிக் கழுவினேன். தாளை மடித்து மேஜை இழுப்பறையில் போட்டேன். தெல்மாவிடம் காட்டவில்லை. காட்டினால் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியாதா?

"அழகா இருக்கு, தெல்மா" என்றேன்.

அதற்கு அப்புறம் ஒவ்வொரு நாளும் ஒரு குருவி அவள் விரலில் ஏறியது. அதற்கு ஆல்ஃபி என்று பெயர் வைத்தாள். ஒரே குருவி என்று நம்பினாள். திங்கட்கிழமை வந்தது மஞ்சள் கோடு பளிச்சென்று இருந்த ஆண். புதன்கிழமை வந்தது உடம்பெல்லாம் பழுப்புக் கீற்று ஓடிய பெட்டை. முப்பது வருஷம் குருவி பார்த்தவளுக்கு அது தெரியாமலா போகும்? "குளிருல நிறம் மங்கிப்போச்சு, பாவம்" என்றாள். ஆசை கண்ணை மறைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை வந்தது வேறு ஒன்று. முதல் ஆல்ஃபியும் இரண்டாம் ஆல்ஃபியும் எங்கே போயின என்று நான் வேலி அடியில் குனிந்து பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

அந்த வாரம் தெல்மா ஆளே மாறிவிட்டாள். தபால்காரனுக்குத் தேநீர் கொடுத்தாள். பஸ்ஸில் ஒரு சின்னப் பெண்ணின் தொப்பியைப் பார்த்து அழகு என்றாளாம். எனக்கு இஞ்சிக் கேக் செய்து, சுவர் மேல் வைத்துவிட்டுப் போனாள். நான் அதைத் தின்றேன். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்: ருசித்துத் தின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் லெஸ்லிக்கு போன் செய்தாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. நான் அப்போது அவள் சமையலறையில்தான் இருந்தேன். சாட்சிக்கு என்னை உட்காரவைத்திருந்தாள்.

"நான்தான்... ஆமா, உசிரோடதான் இருக்கேன். கேளு. ஒரு குருவி என் கைக்கு வருது. தினமும். கொஞ்சம்கூடப் பயம் இல்லை... பச்சைக்குருவி... ஆமா, உப்பிக்கிட்டு, குண்டா, அழகா உக்காருது... நிஜம்மாவா? சனிக்கிழமையா?"

போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "வரேன்னுட்டா. நான் கூப்பிடக்கூட இல்லை, அவளே வரேன்னுட்டா."

நர்ஸ் எதற்கு வருகிறாள் என்று எனக்குச் சுருக்கென்று பட்டது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ஆறு நாள் இருந்தது. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான், ஆனால் நான் வாலையும் பிடிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமைதான் குருவி எண்ணும் நாளும். மகளை ஜன்னலில் பக்கத்தில் உட்காரவைத்து எண்ணலாம் என்று தெல்மா இரண்டு நாற்காலி போட்டாள். யாரும் உட்காராத முன்னறையில் கணப்பு மூட்டினாள். நல்ல கோப்பைகளை வெளியே எடுத்தாள். நல்ல பாவாடை, முத்துமாலை. நான் சுவர் ஓரம் எனக்கு வேலையே இல்லாத பாத்தியைக் கொத்திக்கொண்டிருந்தேன்.

லெஸ்லி முன்வாசலுக்குப் போகவில்லை. பக்கத்துச் சந்து வழியாக நேரே தோட்டத்துக்கு வந்தாள். தலையில் நரை ஓடியிருந்தது. ஒரு கையில் ப்ளீச் கேன், இன்னொரு கையில் மூடி போட்ட அட்டைப்பெட்டி. ரப்பர் கையுறை மாட்டியிருந்தாள். தெல்மா அவளுக்காகப் பலகைக்குப் பக்கத்தில் காத்திருந்தாள், விரலில் குருவியோடு. கையுறையைப் பார்த்தும் அவள் முகத்திலிருந்து சிரிப்பு போகவில்லை.

"பாத்தியா? பாரு, லெஸ்லி. என்னைக் கண்டு ஓடலை."

லெஸ்லி ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"அம்மா, அது ஓடாம இல்லை. ஓட முடியலை."

"என்ன சொல்றே?"

"தொண்டை அழுகிப்போச்சு. பசியில சாகுது. கொடு இப்படி." குருவியை இரண்டு விரலால் எடுத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். அது சிறகைக்கூட அசைக்கவில்லை. "எத்தனை நாளா இப்படி வருது?"

"பன்னெண்டு நாளா. தினமும் இதே ஆல்ஃபிதான்..."

"பன்னெண்டு நாள் எதுவும் தாங்காது. இது ஒண்ணு இல்லைம்மா. ஒவ்வொண்ணா வந்து உன் கையில உக்காந்துட்டுப் போய்ச் செத்திருக்கு."

பிறகு லெஸ்லி வேலிக்குப் போனாள். முழங்கால் போட்டு, இலைகளை விலக்கி, ஒவ்வொன்றாக எடுத்துப் புல்லில் வைத்தாள். நான் எண்ண வேண்டாம் என்றுதான் நினைத்தேன். பத்தொன்பது. எல்லாம் ஒரே பார்வையில். பச்சை இறகு நனைந்து கறுத்திருந்தது. தெல்மா நீட்டிய விரலை மடக்கவில்லை, அப்படியே நின்றாள்.

"அது பிழைக்குமா?" என்று பெட்டியைக் காட்டிக் கேட்டாள்.

"பிழைக்காது. வலி தெரியாம போக ஊசி போடணும்."

"நான் நல்ல விதைதான் வாங்கறேன், லெஸ்லி. விலை கூடின விதை."

"விதை நல்லதுதான். பலகையைக் கழுவினியா?"

தெல்மா தலையைக் குனிந்து விரலைப் பாவாடையில் துடைத்தாள். அவள் தலை குனிந்து நான் அன்றுதான் பார்த்தேன். பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும், எத்தனை வருஷக் கடன்! இல்லை.

லெஸ்லி இரண்டு மணி நேரம் வேலை செய்தாள். பலகையைத் தூக்கிச் சந்தில் போட்டாள், குழாய்களைக் கழற்றி ப்ளீச்சில் ஊறவைத்தாள், குருவிகள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்தாள், குருவிகளைக் குழி தோண்டிப் புதைத்தாள். தெல்மா பின்படியில் நின்று பார்த்தாள். நடுவில் ஒரு தடவை உள்ளே போய்த் தேநீர் கொண்டுவந்தாள். லெஸ்லி கையுறையைக் காட்டி வேண்டாம் என்றாள். அம்மாவும் பெண்ணும் ஒரே மாதிரிதான் உதட்டை அழுத்துவார்கள் என்று அப்போது கவனித்தேன்.

"ஒரு மாசத்துக்கு எதையும் வைக்காதே. எல்லாம் கலைஞ்சு போகட்டும். இங்க கூடினா சாவும்" என்றாள் லெஸ்லி, கையுறையைக் கழற்றிக்கொண்டே.

"அடுத்த வாரம் வருவியா? கழுவினது சரியா இருக்கான்னு பாக்க?"

தெல்மா யாரையும் இப்படிக் கேட்டு நான் அறியேன். லெஸ்லி பெட்டியைக் கையில் எடுத்தாள். கொஞ்ச நேரம் அம்மாவின் முத்துமாலையைப் பார்த்தாள். அவள் மனம் இளகுகிறது என்று நான் நினைத்தேன்.

"உன்கிட்ட யாரும் முன்னாடியே சொல்லலையா? இந்தத் தெருவுல எல்லாரும் குருவிக்குத் தீனி போடறவங்கதானே. பாத்தாலே தெரியுமே" என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, ஆனாலும் மண்வெட்டி என் கையில் கனத்தது. "போன் பண்றேம்மா" என்று சொல்லிவிட்டுச் சந்து வழியாகப் போனாள். "வரேன் வின்னி ஆன்ட்டி" என்று எனக்கும் ஒரு வார்த்தை. கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

நான் உள்ளே ஓடிவிட எண்ணித் திரும்பினேன்.

"வின்னி."

சுவருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். துணிக்கம்பம் அவள் பின்னால் மொட்டையாக நின்றது.

"உனக்குத் தெரியுமா?"

பொய் சொல்லியிருப்பேன். வாயில் தயாராகவும் இருந்தது. ஆனால் அவள் முகம் பேயறைந்தாற்போல இருந்தது.

"தெரியும்" என்றேன்.

"எப்பலேருந்து?"

"முதல் நாளே. கடையில தாள் கொடுத்தாங்க. அக்டோபர்லயே."

"ஏன் சொல்லலை?"

"நீ அவ்வளவு சந்தோஷமா இருந்தே, தெல்மா. அதைக் கெடுக்க மனசு..."

"கதை விடாதே. அக்டோபர்ல நான் என்ன சந்தோஷமா இருந்தேன்? அப்பவே ஏன் காட்டலை?"

அதற்கு ஒரே பதில்தான் இருந்தது. முப்பத்தொரு வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்த பதில். எப்படியாவது ஒருநாள் அவள் முகத்துக்கு நேரே வீசிவிட வேண்டும் என்று ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்த பதில். வீச முடியவில்லை. முனகத்தான் முடிந்தது.

"எனக்கு உன்கிட்ட பயம், தெல்மா."

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"உனக்குமா?" என்றாள்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

சுவர் மேல் அவள் கை கிடந்தது. விரலெல்லாம் குளிரில் சிவந்திருந்தது. அதைத் தொடலாமா என்று எனக்கு ஒரு நினைப்பு வந்தது. தொடவில்லை.

"குளிருது. நீ உள்ள போ" என்றாள்.

எப்போதும்போலச் சொன்னவுடன் போனேன்.